புண் ஆறுகிற இடத்தில் பட்டுக்கு என்ன வேலை?

புண்ணை ஆற்றுவது உடம்பு. மருந்தும் கட்டும் அதற்குப் பக்கத்துணை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது எல்லாமே எளிதாகப் பிடிபடும்.

பட்டிலிருந்து செய்த காயக்கட்டுகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். வாட்ஸப்பில் ஒரு பக்கம் "பட்டு வைத்தால் எந்தப் புண்ணும் ஆறிவிடும்" என்று செய்தி சுற்றுகிறது. இன்னொரு பக்கம் "அதெல்லாம் காசு பிடுங்குகிற வேலை" என்று அடித்துப் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில், உண்மையிலேயே நல்ல ஒரு விஷயம் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கிறது. அதை எடுத்து வைக்கத்தான் இந்த நீளப் பதிவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். மல்பெரித் தழை வெட்டிப் போடுவதும், சந்திரிகைத் தட்டில் ஏற்றிய புழு கூடு கட்டி முடிக்கும்வரை வீட்டில் சத்தம் போடாமல் நடப்பதும் சின்ன வயதுப் பழக்கம். பிறகு உயிரித் தொழில்நுட்பம் படித்தேன். முதுகலைத் திட்டப்பணிக்குக் கையில் வந்ததும் அதே கூடுதான். புழு மனையையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்துவிட்டதால், இந்த விஷயம் எனக்கு வெறும் செய்தி கிடையாது.

காயத்தைக் காற்றாட விடலாமா?

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு: "புண்ணைத் திறந்து விடு, காத்துப் பட்டாத்தான் காயும்." காய்வதும் ஆறுவதும் ஒன்று என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது.

தோல் கிழிந்ததும் உடம்பு முதலில் ரத்தத்தை உறைய வைக்கிறது. அடுத்து வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது இதனால்தான். அதற்கப்புறம் கட்டுமான வேலை. ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் கொலாஜனைச் சுரந்து பள்ளத்தை நிரப்புகின்றன, புதிய ரத்த நாளங்கள் முளைக்கின்றன, ஓரத்திலிருந்து மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து மூடுகின்றன. கடைசியாகத் தழும்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சீராகிறது.

இதில் மேல்தோல் செல்கள் நகர்ந்து வருகிற கட்டத்தைக் கவனியுங்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். புண் காய்ந்து பொருக்குத் தட்டினால் அந்தச் செல்கள் நேராக வர முடியாது. பொருக்குக்கு அடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று ஆழத்தில் தேடிப் போய்ச் சுற்றி வர வேண்டும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை வைத்துப் பார்த்தார். ஈரம் போகாமல் படலத்தால் மூடிய காயங்களில், காற்றாட விட்ட காயங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மேல்தோல் மூடியது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் ஈரம் காக்கிற இன்றைய காயக்கட்டுகளுக்கு அடிப்படை.

அதனால் ஒரு நல்ல காயக்கட்டில் நாம் எதிர்பார்ப்பது இவைதான்: ஈரத்தைக் காக்கணும், ஆனால் நீர் தேங்கிச் சுற்றியுள்ள தோல் ஊறிப்போகவும் கூடாது. வெளியிலிருந்து கிருமி நுழையக் கூடாது. உடம்பு அதை எதிரியாக நினைத்து அழற்சியைக் கிளப்பக் கூடாது. கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது: பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது.

கட்டுப் பிரிக்கிற நாள்

அந்தக் கடைசி விஷயம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், என் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறேன். காலில் தீக்காயம். தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுத்துக் காலில் ஒட்டினார்கள். காலில் ஒட்டிய இடம் சீக்கிரமே பரவாயில்லை என்றாகிவிட்டது. தோல் எடுத்த தொடைதான் அவரை வாட்டியது. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இப்படித் தோல் ஒட்டு (கிராஃப்ட்) செய்துகொண்ட பலரும் சொல்வது இதைத்தான்: ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம் வலிக்கும். மேல்தோல் போய் நரம்பு முனைகள் திறந்து கிடக்கிற பரந்த புண் அது.

அதன் மேல் மருந்து தடவிய காஸ் வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுப் பிரிக்கிற நாளில் நர்ஸம்மா எவ்வளவோ பொறுமையாக சலைன் ஊற்றி ஊற வைத்தார். காஸ் துணியின் கண்களுக்குள் நீர் கசிந்து உறைந்து, அந்தக் கண்களுக்குள்ளேயே புதுத் திசு வளர்ந்து பிடித்திருந்தது. ஒரு மூலையைத் தூக்கியதும் இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. பெரியப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புண்ணு வலியத் தாங்கிக்குவேன் பாப்பா. இதப் பிரிக்கிறதத்தான் தாங்க முடியல."

அந்த ரத்தப் பொட்டு ஒவ்வொன்றும் நகர்ந்து வந்துகொண்டிருந்த செல்கள் பிய்ந்த இடம். உடம்பு ராத்திரியெல்லாம் கட்டியதை நாம் காலையில் கொஞ்சம் இடிக்கிறோம். நர்ஸ் மேல் எந்தக் குறையும் இல்லை. துணியின் குணம் அது. இந்த இடத்தில்தான் பட்டின் கதை தொடங்குகிறது.

கூட்டுக்குள் இருக்கிற இரண்டு புரதங்கள்

பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு சுரப்பிகளிலிருந்து இரண்டு இழைகள் வருகின்றன. அவற்றைச் சேர்த்து ஒட்டுவதற்கு ஒரு பசையும் வருகிறது. இழைக்கு ஃபைப்ராயின் என்று பெயர், பசைக்கு செரிசின். கூட்டின் எடையில் 70 முதல் 80 விழுக்காடு ஃபைப்ராயின், 20 முதல் 30 விழுக்காடு செரிசின். சேலை நெய்யப் போகிற நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுவது இந்தப் பசையை எடுக்கத்தான். பசை போனால்தான் பளபளப்பும் வழவழப்பும் வரும்.

ஃபைப்ராயினுக்குள் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் வருகின்றன. மூன்றும் சிறியவை. அதனால் புரதச் சங்கிலிகள் மடித்து அடுக்கிய புடவைக்கட்டு மாதிரி நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்கின்றன. இந்த அடுக்குகளுக்கு பீட்டா தாள் என்று பெயர். பட்டின் உறுதி இங்கிருந்துதான் வருகிறது. பட்டு தண்ணீரில் கரையாததற்கும், உடம்புக்குள் போனால் மெதுவாகவே சிதைவதற்கும் காரணம் இதுவே.

உடம்புக்கும் பட்டுக்கும் பழக்கம் புதிதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் காலென் என்ற மருத்துவர் ரத்தக் குழாயைக் கட்டப் பட்டு நூலைப் பரிந்துரைத்தார். இன்றும் அறுவை அரங்கில் "சில்க்" என்று கேட்டால் கறுப்பு நிறத் தையல் நூலை எடுத்துக் கொடுப்பார்கள். கரையாத தையல் நூல் என்று அதை வகைப்படுத்தினாலும், உடம்புக்குள் ஓராண்டுக்குள் தன் வலுவில் பெரும்பகுதியை அது இழந்துவிடும். புரதத்தை வெட்டுகிற நொதிகள் மெல்ல மெல்ல அதை அமினோ அமிலங்களாகச் சிதைத்துவிடுகின்றன.

சிலருக்குப் பட்டுத் தையலில் அழற்சியும் ஒவ்வாமையும் வந்ததுண்டு. 2003-இல் ஆல்ட்மன், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கேப்லன் முதலியோர் எழுதிய ஆய்வுத் தொகுப்பு, பசை சரியாக நீக்கப்படாத பட்டைத்தான் அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. பசையைச் சுத்தமாக நீக்கிய ஃபைப்ராயினை உடம்பு நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. பட்டை மருத்துவப் பொருளாக மறுபடி தூக்கி நிறுத்தியதில் கேப்லனின் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கூட்டைக் கரைத்துப் படலம் ஆக்குவது

காயக்கட்டுக்குப் பட்டைத் துணியாக நெய்து வைப்பதில்லை. கூட்டைக் கரைத்துத் திரவமாக்கி, அந்தத் திரவத்திலிருந்து வேண்டிய வடிவத்தைச் செய்கிறார்கள். நான் திட்டப்பணியில் செய்த வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூட்டைக் கத்தரியால் வெட்டி, உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை எடுத்துவிட வேண்டும். வெட்டிய துண்டுகளைச் சோடியம் கார்பனேட் கரைத்த கொதிநீரில் அரை மணி நேரம் போட்டால் செரிசின் நீரில் இறங்கிவிடும். மிச்சத்தை நல்ல தண்ணீரில் பலமுறை அலசிப் பிழிந்து காயவைத்தால் மெத்தென்ற வெள்ளை நார் கிடைக்கும். அந்த நாரை லித்தியம் புரோமைடு உப்பின் அடர்த்தியான கரைசலில் போட்டு 60 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம் வைக்கணும். அத்தனை உறுதியான நார், கண் முன்னால் கொழகொழவென்ற வெளிர் பழுப்புத் திரவமாக இளகிவிடும். உப்பு, அந்த அடுக்குகளைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்துவிட்டது.

இப்போது உப்பை வெளியேற்றணும். மெல்லிய சவ்வுக் குழாயில் ஊற்றி, இரு முனையையும் கிளிப் போட்டுப் பெரிய பீக்கர் நிறையத் தண்ணீரில் தொங்கவிட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். உப்பு வெளியே போகும், பெரிய புரத மூலக்கூறு உள்ளேயே நிற்கும். கடைசியில் கையில் இருப்பது தண்ணீரில் கரைந்த பட்டு. வேறு எதுவும் அதில் இல்லை. அதை வேகமாகக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் கட்டி தட்டும். ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் விட்டாலும் தானாகவே உறைந்து கூழாகிவிடும். அடுக்கிக்கொள்ள வேண்டும் என்கிற அந்தப் புரதத்தின் இயல்பு திரவத்திலும் போவதில்லை.

இந்தத் திரவத்தைத் தட்டில் ஊற்றி இரவு முழுக்க உலரவிட்டால், காலையில் கண்ணாடியாகத் தெரிகிற படலம் உரிந்து வரும். எழுத்தின் மேல் வைத்தால் அடியில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அந்தப் படலத்தில் ஒரு துளி நீர் பட்டால் கரைந்துவிடும். அதை மெத்தனாலில் முக்கினாலோ, நீராவி நிறைந்த இடத்தில் வைத்தாலோ சங்கிலிகள் மறுபடி பீட்டா தாளாக அடுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீரில் போட்டாலும் கரையாது. எவ்வளவு அடுக்கு உருவாகணும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். அது எத்தனை நாளில் உடம்பில் சிதையணும் என்பதையும் அதே வழியில் தீர்மானிக்கலாம். பட்டின் மேல் ஆய்வாளர்களுக்கு இத்தனை பிரியம் வந்ததற்கு இந்தப் பிடி ஒரு பெரிய காரணம்.

படலம் ஒரு வடிவம்தான். உறையவைத்து உலர்த்தினால் நுண்துளைகள் நிறைந்த ஸ்பாஞ்சு கிடைக்கும். நீர் அதிகம் கசிகிற புண்ணுக்கு அது பொருந்தும். மின்னழுத்தம் கொடுத்து ஊசிமுனையிலிருந்து இழுத்தால் நம் தோலின் கொலாஜன் வலையை ஒத்த நுண்ணிழை விரிப்பு கிடைக்கும். கூழாகவும் வைக்கலாம். உலர்த்தும் முன் வெள்ளி உப்பையோ கிருமிக்கொல்லியையோ கலந்துவிட்டால், அது புண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

புண்ணின் மேல் இது என்ன செய்கிறது? படலத்தில் துணியின் கண்கள் இல்லை, அதனால் திசு உள்ளே புகுந்து பிடிக்க வழியும் குறைவு. உள்ளே ஈரம் நிற்கிறது, அதிகப்படி ஆவி வெளியே போகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கட்டைப் பிரிக்காமலே டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். ஃபைப்ரோபிளாஸ்டும் மேல்தோல் செல்களும் ஃபைப்ராயின் மேல் ஒட்டி நகர்கின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் பலமுறை பார்த்த விஷயம். புண் மூடியதும் படலம் ஓரத்திலிருந்து தானாக உரிந்து வரும்படி செய்ய முடிகிறது. என் பெரியப்பா பயந்த அந்த நாளே இல்லாமல் போகிறது.

மனிதர்களிடம் சோதித்தபோது

எலியில் ஆறியது, முயலில் ஆறியது என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. எலித் தோல் சுருங்கி மூடுகிற தோல், நம் தோல் அப்படி இல்லை. அதனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தாய்லாந்தின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் போர்னனோங் அரம்வித் என்ற பேராசிரியை, எல்லோரும் கீழே ஊற்றுகிற செரிசினைக் கையில் எடுத்தார். 2013-இல் அவர் குழு வெளியிட்ட சோதனையில் 29 நோயாளிகளின் 65 தீக்காயங்கள் இருந்தன. ஒரு பகுதிக்கு வழக்கமான வெள்ளிக் களிம்பு, மற்றதற்கு அதே களிம்பில் செரிசின் சேர்த்தது. செரிசின் சேர்த்த காயங்கள் முழுதும் ஆறச் சராசரியாக 22 நாள், சேர்க்காதவற்றுக்கு 29 நாள். அடுத்த ஆண்டு அதே குழு, தோல் எடுத்த இடத்துக்கே செரிசின் கசிகிற கட்டு ஒன்றைச் சோதித்தது. ஆறும் நாள் 14-லிருந்து 12 ஆனது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, முதல் நான்கு நாளில் நோயாளிகளுக்கு வலி குறைந்தது என்பதுதான். பசை ஆகாது என்று மேலே சொன்னேனே, இது என்ன என்று கேட்கலாம். இழையோடு ஒட்டிக்கொண்டு தையல் நூலாக உடம்புக்குள்ளே போவது வேறு. தனியே பிரித்துச் சுத்தம் செய்து புண்ணின் மேல் வைப்பது வேறு.

ஃபைப்ராயின் பக்கம், 2017-இல் சீன ஆய்வாளர்கள் ஒரு படலத்தை முயலில் பார்த்து, பன்றியில் பார்த்து, பிறகு 71 நோயாளிகளிடம் சோதித்தார்கள். யாருக்கு எந்தக் கட்டு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள கட்டைவிடப் பட்டுப் படலத்தில் புண் சீக்கிரம் ஆறியது, பக்கத் தொல்லைகளும் குறைந்தன.

29 பேர், 71 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் ஒரே திசையைக் காட்டுகிற எண்ணிக்கை. மேலோட்டமான, சுத்தமான, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள புண்ணில் பட்டுக் கட்டு சில நாள்களை மிச்சப்படுத்துகிறது, வலியைக் குறைக்கிறது. தீக்காய வார்டில் படுத்திருப்பவருக்குச் சில நாள் என்பது சின்ன விஷயமா? கிருமி தொற்றுகிற வாய்ப்பு குறைகிறது, தினக்கூலி போகிற நாள் குறைகிறது, கூட இருந்து பார்க்கிறவர் வேலைக்குத் திரும்புகிறார்.

பட்டால் முடியாதது

இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது முழுமையாகாது.

பிரிட்டனில் கரப்பான் உள்ள 300 குழந்தைகளுக்கு மருத்துவப் பட்டாடை அணிவித்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையோடு பட்டாடை சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. விலை உயர்ந்த அப்படிப்பட்ட ஆடைகளை வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு அது எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! பட்டு என்ற பேருக்காக எல்லாத் தோல் பிரச்சினைக்கும் அதை நீட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து சர்க்கரைப் புண். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. அதனால் "காலில் புண், என்ன வைக்கலாம்?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் சிக்கல் மேலே இல்லை. உணர்வு மரத்துப்போனதால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறது, ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, சில சமயம் கிருமி எலும்புவரை போயிருக்கிறது. காலுக்கு ஓய்வு கொடுக்காமல், செத்த சதையை எடுக்காமல், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்தக் கட்டைப் போட்டும் பயனில்லை. பாதப் புண்ணுக்கான கட்டுகளைப் பற்றிய ஆய்வுகளை 2015-இல் ஒருசேர அலசிய காக்ரேன் குழு, ஒரு கட்டு இன்னொன்றைவிட மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

சீழ் பிடித்த புண்ணை எந்தப் படலத்தாலும் மூடி வைக்கக் கூடாது. பட்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"பழைய பட்டுப்புடவை இருக்கே?"

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் அத்தை போன் பண்ணிக் கேட்டார்: "ஏம்மா, பீரோல கட்டாத பட்டுப்பொடவ எத்தன கிடக்கு. சுத்தமாத் தொவச்சுக் கிழிச்சுக் கட்டலாமில்ல?"

"வேணாம் அத்தை, புண்ணுல அதை வைக்கவே கூடாது" என்றேன்.

அத்தைக்குச் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். புடவையில் சாயம் இருக்கிறது, ஜரிகையில் உலோகம் இருக்கிறது. எவ்வளவு துவைத்தாலும் கிருமி நீங்கிய துணி ஆகாது. நெய்த துணி என்பதால் காஸைப் போலவே திசுவில் பிடித்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன நன்மைகள் எல்லாம், கரைத்து, உப்பு நீக்கி, வடிவம் கொடுத்து, கிருமி நீக்கி, சோதித்து உறையில் அடைத்த பொருளுக்கு. பட்டு என்ற மூலப்பொருளுக்கு மட்டும் அந்தக் குணம் வந்துவிடாது.

வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவி வேறு. சூடு பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காப்பித்தூள், பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலோ, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போனாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் கையிலேயே இருக்கிற சரக்கு

இப்போது எனக்கு ஆதங்கமான இடம். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, திருப்பூர், தேனி என்று தமிழ்நாட்டில் பட்டு வளர்க்கிற குடும்பங்கள் நிறைய. வெண்பட்டுக்கூட்டில் நம் மாநிலத்துக்கு நல்ல பெயரும் உண்டு. ஆனால் கூட்டின் விலையைத் தீர்மானிப்பது நூலின் நீளம்தான். ஒரு நல்ல கூட்டிலிருந்து அறாமல் ஒரு கிலோமீட்டர்வரை நூல் வரும். முட்டைக்காக வைத்த கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துவிடும். அதற்கு அடிமாட்டு விலைதான்.

மருத்துவப் படலத்துக்கு நூலின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. எப்படியும் கத்தரித்துக் கரைக்கப்போகிறோம். வெள்ளையாக, கறையில்லாமல், சுத்தமாக இருந்தால் போதும். துளை விழுந்த கூடு அதற்குத் தாராளமாகப் பயன்படும். பசை நீக்கிய நீரில் ஓடிப்போகிற செரிசினையும் பிடித்துச் சுத்தம் செய்யலாம். இப்போது அது சாக்கடையை நாறடிப்பதோடு சரி. இன்னொன்றும் சொல்லணும்: பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தாலே எங்கள் புழு செத்துவிடும். அதனால் மல்பெரித் தோட்டக்காரர்கள் மருந்து விஷயத்தில் ஏற்கெனவே கண்ணும் கருத்துமாக இருப்பவர்கள். எந்த மனையில் வளர்ந்த கூடு, எதைத் தெளித்தார்கள் என்று பதிவு வைக்கச் சொல்லிக்கொடுத்தால், மருத்துவத் தரத்துக்குக் கூடு கொடுப்பது அவர்களால் முடிகிற காரியம்.

நாட்டில் இதற்கான அறிவும் இருக்கிறது. குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பிமன் மண்டலின் குழு அசாமின் மூகா, எரி பட்டுகளில் காய விரிப்புகளை ஆராய்ந்து வருகிறது. மூகா, டசர் போன்ற காட்டுப் பட்டுகளின் ஃபைப்ராயினில் செல்கள் பற்றிக்கொள்கிற ஒரு சிறு வரிசை இயற்கையாகவே உண்டு, மல்பெரிப் பட்டில் அது இல்லை. பெங்களூருவில் ஃபைப்ரோஹீல் என்ற நிறுவனம் பட்டுப் புரதத்திலிருந்து காயப் பராமரிப்புப் பொருள்களைத் தயாரித்து விற்கவே தொடங்கிவிட்டது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, தீக்காயத்தின் மேல் வைக்கிற கொலாஜன் படலத்தை உருவாக்கிய அனுபவம் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டுக்கு வராத மாவட்டம் இல்லை. கூடு வளர்க்கிறவர், படலம் செய்யத் தெரிந்தவர், அது தேவைப்படுகிறவர் எல்லோரும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைக்கிற வேலையை அரசு எடுத்துச் செய்யணும். வெளிநாட்டுக் கட்டுகளின் விலையில் இது வந்தால் அரசு வார்டில் படுத்திருப்பவருக்கு எட்டாது. நம் கூட்டில், நம் ஊரில் செய்து, பெரிய அளவில் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, பலன் உறுதியானால் அரசு மருந்துக் கொள்முதலில் சேர்க்கணும். நான் கேட்பது இதுதான்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்காவது புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது ரத்தம் துளிர்த்து அவர் துடித்தால், "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். "டாக்டர், ஒட்டாத டிரெஸ்ஸிங் இதுக்குப் போடலாமா?" என்று கேளுங்கள். பட்டாக இருக்கலாம், கொலாஜனாக இருக்கலாம், சிலிகான் பூசிய வலையாக இருக்கலாம். எது பொருந்தும் என்பதைப் புண்ணைப் பார்த்து டாக்டர் சொல்வார். புண் ஆற வலியைப் பொறுத்துத்தான் ஆகணும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஒட்டாத கட்டை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.